கம்பஸ் பிள்ளைக்கு ஒரு சின்ன இணையத்தளம்: எதில் தொடங்குவது, எதை விடுவது

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சுருக்கித் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இதே நிலைமையில் வேறு பிள்ளைகளும் இருப்பார்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம், இரண்டாம் வருடம். வீடு ஒட்டுசுட்டான் பக்கம். இன்டர்ன்ஷிப் தேட முதல் சொந்தமாக ஒரு இணையத்தளம் வைத்திருந்தால் நல்லது என்று விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார். லப்டொப் அண்ணாவோடு பங்கு, மற்ற நேரம் போன்தான். வேர்ட்பிரஸ்ஸா, கோட் எழுதுவதா, எவ்வளவு முடியும், தமிழிலா ஆங்கிலத்திலா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "போடுறதுக்குப் பெரிசா ஒண்டும் இல்லை, அப்பாவின்ர கமக்கார அமைப்புக்குப் பழைய பாமினி எழுத்துருப் பட்டியலை மாத்தி ஒரு சந்தாக் கணக்குச் செய்து குடுத்தது மட்டும்தான்."

முதலில் சுருக்கமான பதில். ஒரே ஒரு பக்கம், கையால் எழுதிய எச்டிஎம்எல் (பக்கத்தின் உள்ளடக்கம்), கூடவே தோற்றத்துக்கு ஒரு சின்ன சிஎஸ்எஸ் பைல், கோட் சேமித்து வைக்கிற கிட்ஹப் தளத்தின் கிட்ஹப் பேஜஸ் சேவையில் இலவசமாக. ஒரு சதமும் தேவையில்லை. வேர்ட்பிரஸ் இப்போதைக்கு வேண்டாம். கோட் பகுதி இரண்டு மூன்று பின்னேரத்தில் முடிந்துவிடும். எழுத்துப் பகுதிதான் நாளெடுக்கும்.

அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன். உங்கள் இணையத்தளமே அதுதான்.

இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்கிறவர் மேசையில் ஒரே மாதிரியான மாணவர் பக்கங்கள் வந்து குவியும். இலவச டெம்பிளேட், மேலே பெரிய படம், "புதிய தொழில்நுட்பங்களில் ஆர்வமுள்ள கடின உழைப்பாளி" என்று ஒரு வரி, கீழே திறமைகளுக்குக் கலர்க் கோடுகள்: எச்டிஎம்எல் 90 வீதம், ஜாவா 75 வீதம். மிச்சம் 25 வீத ஜாவா எது என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. நான் அந்தக் கோடுகளைக் கண்டால் பக்கத்தை மூடிவிடுவேன், அவ்வளவு அலுத்துப்போய்விட்டது. ஆனால் ஒரு கமக்கார அமைப்பின் உறுப்பினர் பட்டியலைப் பாமினியிலிருந்து எல்லாக் கருவியிலும் பொதுவான யூனிகோட் எழுத்து முறைக்கு மாற்றி, சந்தா கட்டினவருக்குத் தமிழில் பற்றுச்சீட்டு அச்சாகும்படி செய்த இரண்டாம் வருடப் பிள்ளை என்றால் நின்று வாசிப்பேன். உண்மையான ஆட்கள் பாவிக்கிற ஒரு சாமானை நீங்கள் செய்திருக்கிறீர்கள். கம்பஸ் அசைன்மென்டில் அது கிடைக்காது.

அதை எப்படி எழுதுவது? "கமக்கார அமைப்பு முகாமைத்துவ முறைமை" என்று தலைப்புப் போட்டு, பாவித்த மென்பொருள்களின் பெயர்களை அடுக்கிவிட்டுப் போகாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். உதாரணமாக இப்படி:

"ஒட்டுசுட்டான் பகுதிக் கமக்கார அமைப்பு ஒன்றின் உறுப்பினர் பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. பெயரைத் தேட முடியாது, போனில் வாசிக்க முடியாது. அதை யூனிகோடுக்கு மாற்றினேன். மாற்றும்போது கௌரி, சௌந்தரராசா போன்ற பெயர்கள் பிழைத்தன. காரணத்தையும் திருத்திய விதத்தையும் கீழே எழுதியிருக்கிறேன்."

உங்கள் பட்டியலிலும் இந்தப் பிழை கட்டாயம் வந்திருக்கும், அதனால் சொல்கிறேன். பாமினியில் எழுத்துகள் உண்மையில் ஆங்கில எழுத்துகளாகத்தான் பைலில் கிடக்கின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிவது அதனால்தான். இரண்டாவது சங்கதி கொம்பு. பாமினியில் கண் பார்க்கிற ஒழுங்கில் அடிப்போம்: முதலில் கொம்பு, பிறகு மெய். யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் கொம்பு சேமிக்கப்படும். ஆகவே மாற்றுகிற நிரல் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். அதைவிடத் தலையிடி ஔகாரம். பாமினியில் அதற்கென்று தனிக் குறி இல்லை. கொம்பு, மெய், அதற்குப் பிறகு ளகரம் என்று அடித்துவிடுவோம். நிரலுக்கு அது ஔகாரமா, எகரத்துக்குப் பின்னால் வந்த உண்மையான ளகரமா என்று தெரியாது. கண்ணுக்கு 'கௌரி' சரியாகத் தெரிந்தாலும் உள்ளே 'கெ', 'ள', 'ரி' என்று மூன்றாகக் கிடக்கும். பிறகு சரியாக அடித்துத் தேடினால் கௌரி அக்கா பட்டியலிலேயே இல்லை!

நீங்கள் இதை எப்படித் தீர்த்தீர்கள்? ஔகாரம் வரக்கூடிய பெயர்களை மட்டும் ஒரு பட்டியலாக வைத்துச் சரிபார்த்தீர்களா, கண்ணால் பார்த்துத் திருத்தினீர்களா? எதுவானாலும் எழுதுங்கள். கண்ணால் பார்த்துத் திருத்தியதும் வேலைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. பெயர்களை அகர வரிசைப்படுத்தினீர்கள் என்றால் அங்கேயும் ஒரு கதை இருந்திருக்கும்: யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்ததாகவும், வகரம் ழகரத்துக்குப் பின்னாலும் வைக்கப்பட்டிருப்பதால் குறியெண்படி அடுக்கினால் நமது அகர வரிசை வராது. இப்படி இரண்டு பந்தி எழுதினாலே உங்களுக்குத் தமிழ்க் கணிமையின் அடிப்படை விளங்கியிருக்கிறது என்பது வாசிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. உறுப்பினர்களின் உண்மையான பெயர், அடையாள அட்டை எண், போன் எண், வயல் ஏக்கர் எதுவும் உங்கள் தளத்திலோ கிட்ஹப்பிலோ ஏறக் கூடாது. கற்பனைப் பெயர்களில் ஒரு பத்து வரி மாதிரிப் பட்டியல் செய்து, அதை வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இலங்கையில் இருக்கிறது. சட்டத்தை விடுவோம், அப்பாவை நம்பித்தான் அவர்கள் விபரம் தந்தார்கள். கிட்ஹப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு பைலைப் போட்டுவிட்டுப் பிறகு அழித்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும், தேடுகிறவர் எடுத்துவிடலாம். அழித்தால் போய்விடும் என்ற நினைப்பில் எதையும் ஏற்றாதீர்கள்.

இதே காரணத்துக்காக உங்கள் சீவியையும் அப்படியே பிடிஎஃப்பாகத் தளத்தில் தொங்கவிட வேண்டாம். நமது நாட்டுச் சீவியில் பிறந்த திகதி, அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, சிவில் நிலை, கடைசியில் நற்சான்று சொல்ல இரண்டு பேரின் போன் எண் என்று எல்லாம் இருக்கும். ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்புவது வேறு, உலகம் முழுக்கத் திறந்து வைப்பது வேறு. பிறந்த திகதியை எடுத்துவிட்டு அடையாள அட்டை எண்ணை விட்டாலும் பிரயோசனமில்லை. புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2003 பெப்ரவரி 1 இல் பிறந்த பெண்ணின் எண் 2003532 என்றுதான் தொடங்கும். எண்ணைக் கொடுத்தால் பிறந்த நாளையும் கொடுத்த மாதிரித்தான். தளத்துக்கென்று இவையெல்லாம் நீக்கிய ஒரு சீவியைத் தனியாகச் செய்யுங்கள், அல்லது "சீவி வேண்டுமென்றால் மின்னஞ்சல் அனுப்பவும்" என்று ஒரு வரி போடுங்கள். மின்னஞ்சலும் இதற்கென்று புதிதாகத் திறந்ததாக இருக்கட்டும். உங்கள் முகப் படம் கட்டாயமில்லை. நன்றாக யோசித்துப் பிடித்தால் போடுங்கள். வேலை கேட்கிற பக்கத்தில் படம் இல்லை என்று யாரும் குறை சொல்லப் போவதில்லை.

சரி, இனிக் கோட் பக்கம்.

ஒரு போல்டர் திறந்து அதற்குள் இன்டெக்ஸ் என்ற பெயரில் எச்டிஎம்எல் பைல் ஒன்று, ஸ்டைல் என்ற பெயரில் சிஎஸ்எஸ் பைல் ஒன்று, படங்களுக்கு ஒரு உள் போல்டர். அவ்வளவுதான் கட்டமைப்பு. இன்டெக்ஸ் என்ற பெயரை மாற்றாதீர்கள், முகவரியை அடித்தால் சர்வர் முதலில் தேடுவது அதைத்தான். பைல் பெயர் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். இது அழகுக்காகச் சொல்லவில்லை. விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது, கிட்ஹப் பார்க்கும். கமராவிலிருந்து வந்த படத்தின் பெயர் வால் பெரிய எழுத்தில் ஜேபிஜி என்று இருக்க, நீங்கள் கோட்டில் சிறிய எழுத்தில் எழுதினால் உங்கள் லப்டொப்பில் படம் வரும், இணையத்தில் வராது. புதிதாகச் செய்கிற பிள்ளைகள் அதிகம் முட்டுப்படுகிற இடம் இதுதான். நோட்பேடில் எழுதுகிறீர்கள் என்றால் இன்னொன்று: சேமிக்கும்போது அது பின்னால் டிஎக்ஸ்டி என்று வாலை ஒட்டிவிடும், விண்டோஸ் அந்த வாலை மறைத்தும் வைத்திருக்கும். போல்டரைத் திறந்து அதன் வியூ மெனுவில் பைல் எக்ஸ்டென்ஷனை, அதாவது அந்த வாலை, காட்டச் சொல்லி வையுங்கள்.

லப்டொப் கிடைக்கும்போது கோட் எழுதுகிற இலவச மென்பொருளான விஎஸ் கோட் போட்டால் வேலை சுகம். வெறும் எச்டிஎம்எல் பைலில் ஒரு ஆச்சரியக்குறி அடித்து டேப் விசையை அழுத்தினால் எலும்புக்கூடு முழுக்க வந்துவிடும். அதில் மூன்று வரியைக் கவனியுங்கள். முதலாவது, மொழி என்ன என்று சொல்கிற லாங் பண்பு. அது தானாக ஆங்கிலம் என்று வரும். தமிழ்ப் பக்கம் என்றால் தமிழுக்குரிய இரண்டெழுத்துக் குறியாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பார்வையற்றோர் பாவிக்கிற திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்க்கும். இரண்டாவது, சார்செட் யூடிஎஃப்-8 என்ற வரி. இது இல்லாவிட்டால் உங்கள் தமிழ் சில இடங்களில் வேற்றுக்கிரக எழுத்தாகிவிடும். மூன்றாவது வியூபோர்ட். இதை விட்டால் போன் உங்கள் பக்கத்தை 980 பிக்செல் அகலமான கொம்பியூட்டர்ப் பக்கம் என்று எண்ணிச் சுருக்கிக் காட்டும், எழுத்தெல்லாம் எள்ளளவாகிவிடும். உங்கள் பக்கத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் போனில்தான் பார்ப்பார்கள் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

உடம்புப் பகுதிக்கு ஏழெட்டு டேக், அதாவது இது தலைப்பு, இது பந்தி என்று காட்டுகிற குறிகள், போதும்: பெரிய தலைப்பு ஒன்று, சிறு தலைப்புகள், பந்தி, பட்டியல், இணைப்பு, படம். டேக் எதற்கு, எப்படி என்று சந்தேகம் வந்தால் மொசில்லாவின் எம்டிஎன் தளத்தைப் பாருங்கள். யூடியூப் வீடியோவைவிட டேட்டாவும் மிச்சம், தகவலும் பிழையில்லை.

சிஎஸ்எஸ்ஸில் நான் முதலில் எழுதச் சொல்வது இரண்டு வரி: எழுத்து ஓடுகிற அகலத்துக்கு ஒரு எல்லை, வரிக்கு வரி இடைவெளி. தமிழுக்கு மேலேயும் கீழேயும் சுழி, கொக்கி எல்லாம் இருக்கிறபடியால் ஆங்கிலத்துக்குப் போடுகிற இடைவெளி காணாது, எழுத்தளவின் 1.7 மடங்கு வையுங்கள். நமது சொற்கள் நீளம். "கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்காகவும்" மாதிரி ஒன்று பெரிய தலைப்பில் வந்தால் சின்ன போனில் திரையை விட்டு வெளியே போய்விடும், பக்கம் முழுக்க இடம் வலமாக ஆடும். ஓவர்ஃப்ளோ-ரேப் என்ற பண்பைப் போட்டால் சொல் உடைந்து அடுத்த வரிக்கு வரும். எழுத்துக்கிடையே இடைவெளி விடும் பண்பைத் தமிழில் தொடாதீர்கள், எழுத்து பிரிந்து அசிங்கமாக இருக்கும். சரிந்த எழுத்தும் தமிழுக்கு ஒத்துவராது, அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்துப் போடுங்கள்.

எழுத்துருவுக்கு இணையத்திலிருந்து எதுவும் இறக்கத் தேவையில்லை. அன்ட்ரொய்ட் போனில் நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது, விண்டோஸில் நிர்மலா யூஐ இருக்கிறது, ஐபோனில் தமிழ் சங்கம் இருக்கிறது. எல்லாம் வாசிக்கத்தக்கவை. அழகுக்கு ஆசைப்பட்டால் கூகுள் ஃபொன்ட்ஸில் முக்தா மலர், கேட்டமரான் போன்றவை உண்டு. ஆனால் முல்லைத்தீவுப் பக்கம் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கிற இடத்தில் உங்கள் பக்கம் திறக்க வேண்டும் என்றால், இருக்கிறதை வைத்துச் சமாளிப்பதுதான் புத்தி.

பாரம் என்றால் எழுத்தில் பாரமில்லை. யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட், ஆங்கிலத்தைவிட மூன்று மடங்கு. அப்படியிருந்தும் நீங்கள் எழுதப் போகிற பக்கம் முழுக்கச் சேர்த்து 20, 30 கிலோபைட்டைத் தாண்டாது. போனில் எடுத்த ஒரே ஒரு படம் 3, 4 மெகாபைட் வரும்! படத்தின் அகலத்தை 1200 பிக்செல்லுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 150 கிலோபைட் அளவில் நின்றுவிடும். கூகுளின் ஸ்குவூஷ் என்ற இலவசத் தளம் போனிலேயே இதைச் செய்யும். லொக்கேஷன் போட்டிருந்த போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடம் பதிவாகியிருக்கலாம். வீட்டு முற்றத்தில் வைத்து எடுத்த படமென்றால் யோசித்துப் பாருங்கள். கமரா செட்டிங்கில் அதை நிறுத்திவிட்டு எடுங்கள்.

வேர்ட்பிரஸ் ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அது கெட்டதென்று இல்லை. அதற்கு டேட்டாபேஸ் வேண்டும், பிஎச்பி ஓடுகிற சர்வர் வேண்டும், பிளகின்களை விடாமல் அப்டேட் செய்ய வேண்டும். பரீட்சை நேரத்தில் மூன்று மாதம் கவனிக்காமல் விட்டால் யாராவது உள்ளே பூந்து வேண்டாத விளம்பரம் ஒட்டிவிட்டுப் போவார்கள். வேர்ட்பிரஸ் டொட் கொம் இலவசக் கணக்கில் அவர்களுடைய விளம்பரம் வரும். ஒற்றைப் பக்கத்துக்கு இதெல்லாம் எதற்கு? நீங்கள் வணிகக் கற்கை மாணவி, கோட் பக்கமே போகமாட்டேன் என்றிருந்தால் கூகுள் சைட்ஸ் என்று சொல்லியிருப்பேன். ஐடி படிக்கிறவர் தன் பக்கத்தைத் தானே எழுதியிருக்க வேண்டும்.

கிட்ஹப் பேஜஸ் முறை இது. கணக்குத் திறக்கும்போது பயனர் பெயரில் அவசரப்படாதீர்கள், அதுதான் உங்கள் முகவரியாகப் போகிறது. நமது பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினால் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, உயர்தரச் சான்றிதழில் இன்னொரு மாதிரி இருக்கும். அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடமும் பாவியுங்கள். நாளைக்குத் தேடுகிறவருக்கு நீங்கள் ஒரே ஆளாகக் கிடைப்பீர்கள். பிறகு பயனர் பெயர், புள்ளி, கிட்ஹப், புள்ளி, ஐஓ என்ற பெயரிலேயே ஒரு ரெபொசிட்டரி (கிட்ஹப்பில் பைல்களை வைக்கிற போல்டர்) திறந்து, பொது என்று வைத்து, உங்கள் பைல்களை ஏற்றுங்கள். செட்டிங்ஸில் பேஜஸ் பகுதிக்குப் போய் ரெபொசிட்டரியின் எந்தக் கிளையிலிருந்து (பிராஞ்ச்) காட்ட வேண்டும் என்று பாருங்கள். சில நிமிடத்தில் தளம் வந்துவிடும், பூட்டுக் குறியோடு. முதல் தடவை பத்து நிமிடம் வரை எடுக்கலாம்; வரவில்லை என்று எல்லாவற்றையும் அழித்துத் திரும்பத் தொடங்காதீர்கள். தளம் 1 கிகாபைட்டுக்குள், மாதம் 100 கிகாபைட் டேட்டாவுக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. உங்கள் பக்கம் அதன் கிட்டவும் போகாது.

கிட்ஹப் இப்போது கோட் ஏற்றுகிறவர்களிடம் இரட்டைச் சரிபார்ப்புக் கேட்கும். அதைப் போடும்போது, போன் கையில் இல்லாத நேரத்தில் உள்ளே போக, ரிக்கவரி கோட் என்று ஒரு பட்டியல் தரும். அதைப் போனில் படம் எடுத்து வைத்தால் போன் தொலைந்த அன்றைக்கு அதுவும் தொலைந்துவிடும். கொப்பியில் எழுதி வையுங்கள்.

லப்டொப் இல்லாத நாளில் போனிலும் வேலை ஓடும். ஏகோட் என்ற அன்ட்ரொய்ட் செயலியில் எழுதிப் பக்கத்தை அங்கேயே பார்க்கலாம். சின்னத் திருத்தமென்றால் கிட்ஹப்பைப் பிரவுசரில் திறந்து பைலில் பென்சில் குறியைத் தொட்டால் போதும். நீண்ட எழுத்தைப் போனிலேயே அடித்து வைத்திருந்து லப்டொப் கைக்கு வரும்போது ஒட்டுங்கள். கொமினிகேஷன் கடைக் கொம்பியூட்டரில் கிட்ஹப் திறக்க வேண்டி வந்தால் பிரைவேட் விண்டோவில் திறந்து, வெளியேறிவிட்டுத்தான் எழும்ப வேண்டும்.

டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, பற்றி. இப்போது வாங்காதீர்கள். இலவச டொமைன் எடுக்கலாம் என்று பழைய வீடியோக்கள் டொட் டிகே முகவரிகளைக் காட்டும். அவற்றைக் கொடுத்துக்கொண்டிருந்த ஃப்ரீனம் 2023 இல் புதுப் பதிவுகளை நிறுத்திவிட்டது, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். முதல் வருடம் மலிவாகக் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் சத்தமில்லாமல் விலையைக் கூட்டுகிற விற்பனையாளர்களும் உண்டு. வாங்குகிற நாளில் புதுப்பிக்கும் விலையைத்தான் பார்க்க வேண்டும். வேலைக்குப் போய்ச் சம்பளம் வந்த பிறகு உங்கள் பெயரில் ஒரு டொட் கொம்மோ டொட் எல்கேயோ எடுத்து இதே பக்கத்தோடு இணைக்கலாம், கோட்டில் பெரிதாக எதுவும் மாறாது. டொட் இலங்கை என்று தமிழிலேயே முடிகிற முகவரியும் இருக்கிறது. எனக்கு அதில் ஆசை உண்டு, ஆனால் சீவியில் அச்சடித்த அந்த முகவரியைக் கொழும்பில் ஒருவர் தன் கீபோர்டில் அடிப்பாரா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

தமிழா ஆங்கிலமா என்பதற்கு என் கருத்து: இரண்டும், ஆனால் தனித்தனிப் பைலில். இன்டர்ன்ஷிப் கொடுக்கிற நிறுவனத்தில் வாசிக்கப் போகிறவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வாசிப்பார், ஆகவே முதற்பக்கம் ஆங்கிலம். மேலே மூலையில் "தமிழில் வாசிக்க" என்று ஒரு இணைப்பு. ஒரே பந்தியில் பாதி ஆங்கிலம், பாதி தமிழ் என்று கலக்காதீர்கள். தமிழை முதலில் எழுதுங்கள் என்பேன். சந்தாக் கதை உங்களுக்குத் தமிழில்தான் தெளிவாக வரும். அது தெளிவான பிறகு ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வசனமாகச் சொல்லலாம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறினால் ஏஐயிடம் இலக்கணம் பார்க்கச் சொல்லுங்கள், எழுதச் சொல்லாதீர்கள். அது எழுதினால் முன்னே சொன்ன "ஆர்வமுள்ள கடின உழைப்பாளி" திரும்ப வந்து குந்திக்கொள்வார். சிஎஸ்எஸ்ஸுக்கும் அதே கணக்கு: உதவி எடுக்கலாம், ஆனால் பைலில் இருக்கிற எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் இது ஏன் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் உங்கள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்பார்கள்.

பக்கத்தில் வேறு என்ன வரலாம்? மேலே பெயர், என்ன படிக்கிறீர்கள், எந்த மாதத்திலிருந்து இன்டர்ன்ஷிப்புக்குத் தயார் என்று இரண்டு வரி. அதற்குக் கீழே சந்தாக் கணக்கு. பிறகு கம்பஸில் செய்த குழு வேலை ஒன்று இருந்தால், அதில் உங்கள் பங்கு எது என்று மட்டும். கடைசியில் மின்னஞ்சலும் கிட்ஹப் இணைப்பும், பக்கம் திருத்திய திகதியும். தொடர்பு கொள்ளப் படிவம் வேண்டாம். இந்த வகைத் தளத்தில் படிவம் தானாக வேலை செய்யாது, வெளிச் சேவை ஒன்றைக் கட்ட வேண்டும். மின்னஞ்சல் முகவரி போதும். "விரைவில் வரும்" என்று வெற்றுப் பகுதி எதையும் வைக்காதீர்கள்.

ஒரு சின்ன வேலை, பலர் விட்டுவிடுவது: இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது தலைப்பும் படமும் வருகிற பெட்டி. அதற்கு ஓப்பன் கிராஃப் என்ற மெட்டா வரிகள் மூன்று, தலைப்பு, விளக்கம், படம், தலைப் பகுதியில் எழுத வேண்டும். படத்தின் முகவரியை எச்டிடிபிஎஸ் தொடக்கம் முழுதாகக் கொடுக்க வேண்டும், பைல் பெயர் மட்டும் கொடுத்தால் வராது. நம்மூரில் இணைப்பெல்லாம் வட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது, ஆகவே இதற்கு அரை மணித்தியாலம் செலவழிக்கலாம். முதல் தடவை பிழையாக வந்தால் திருத்திய பிறகும் கொஞ்ச நேரம் பழையதையே காட்டும், அதற்காகத் தலையைப் பிய்க்க வேண்டாம்.

எல்லாம் ஏற்றிய பிறகு உங்கள் போனில் பார்க்காதீர்கள், வீட்டிலே ஆகப் பழைய போன் யாருடையதோ அதில், வைஃபை இல்லாமல் டேட்டாவில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். கமக்கார அமைப்புச் செயலாளரிடமும் ஒருக்கால் காட்டி, அமைப்பைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறேன், சரிதானே என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு முகவரியைச் சீவியின் தலையில், மின்னஞ்சலுக்குப் பக்கத்தில் போட்டு, விரிவுரையாளருக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.